கசகசா நடக்குமா?

மார்ச் 2, ஞாயிறு

கட்டில் வந்துவிட்டது. வண்ணார்பேட்டைப் பழைய சாமான் கடையில் நானே தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கியது. முழுக்க வேங்கை மரம். ஏதோ ஒரு லாட்ஜை மூடினார்களாம், அங்கிருந்து வந்ததாம். அதன் மேலிருந்த இலவம்பஞ்சு மெத்தையையும் கடைக்காரன் சேர்த்தே கொடுத்துவிட்டான். இந்தக் காலத்தில் யார் கொடுப்பார்கள்?

கட்டில் எங்களுக்கு இல்லை. மகள் வடிவுக்கு. தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்ததும் அவளை இங்கே பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். பயணம் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் கோவில்பட்டியில் மாமியார் வீட்டிலேயே இருக்கிறாள். பிரசவமும் அங்கேதான். பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்ததும் தாயும் பிள்ளையும் இங்கே வந்துவிட வேண்டும் என்று பேச்சு. போன மாதம் சம்பந்தியம்மா செண்பகவல்லி போனில், "உங்க வீட்ல தரையிலதான படுப்பிய அண்ணாச்சி, பெத்த உடம்பு எந்திரிச்சு உக்கார சிரமமாச்சே" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. அதனால் கட்டில்.

வீட்டுக்காரி ஆவுடை கட்டிலை ஒரு சுற்று சுற்றி வந்து மூக்கைச் சுருக்கினாள்.

"என்னமோ வாடை அடிக்கே. கொத்தமல்லி அழுகின மாதிரி."

"நீ அடுப்படியில இருந்து வந்திருக்கே. உன் மேல இருந்து வருது."

"சரிதான்" என்றாள். பிள்ளை வந்து படுப்பதற்கு முன்னால் அவளே சில நாள் படுத்துப் பார்க்கப் போகிறாளாம். முதுகு வலிக்கிறதா, கட்டில் கிரீச்சிடுகிறதா என்று தெரிய வேண்டுமாம். நான் வழக்கம்போல முன்கூடத்தில் பாய்.

மார்ச் 6, வியாழன்

கட்டில் கிரீச்சிடவில்லை. சொன்னேனே.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று நல்ல கூட்டம். பரீட்சை நேரம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் திடீரென்று கண் மங்கிவிடும். பத்து மூக்குகளுக்காவது ஃபிரேம் பொருத்தினேன். வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தான் தைக்கலாம் என்று உட்கார்ந்தால் ஊசியில் நூல் போகமாட்டேன் என்கிறது. வெளிச்சம் போதவில்லை.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுதிய. நீங்க ஒண்ணு மாட்டினா என்ன, கிரீடம் சாஞ்சிருமா?" என்று கேட்டுவிட்டு ஆவுடை தன் கண்ணாடியைப் போட்டு ஒரே தடவையில் நூலைக் கோர்த்துக் கொடுத்தாள். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அந்த பல்பை மாற்ற வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் ஆவுடை கையை நீட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. கழுத்தில் நாலைந்து. முதுகில் இன்னும் இருக்கிறதாம். அரிக்கிறதாம்.

"அம்மா வந்திருக்கா" என்றாள், பயத்தோடும் கொஞ்சம் பெருமையோடும்.

எதிர்வீட்டு ராசாத்தி வந்து பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லை, அம்மைதான் என்று தீர்ப்புச் சொன்னாள். அடித்த வெயிலுக்கு வராமல் என்ன செய்யும்? சற்று நேரத்தில் வாசலில் வேப்பங்குலை தொங்கியது. கட்டிலில் வேப்பிலை பரப்பி ஆவுடையைப் படுக்க வைத்தாயிற்று. இனி மூன்று தண்ணீர் விடுகிறவரை விரிப்பை மாற்றக் கூடாது, துணி வெளுக்கக் கூடாது, எண்ணெய் காயக் கூடாது, தாளிக்கக் கூடாது. அம்மன் வந்தது அவளுக்கு, பத்தியம் எனக்கு.

மத்தியானம் நானே கஞ்சி வைத்தேன். "உப்பு எங்க?" என்று கேட்டாள். அம்மன் உப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன். போட மறந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ராசாத்தி பிறந்த ஊர் கோவில்பட்டி. சம்பந்தியம்மாவுக்கு ஏதோ ஒரு வழியில் தங்கை முறை. ஆகவே எங்கள் வீட்டில் தும்மினால் கோவில்பட்டியில் 'நூறாயுசு' சொல்வார்கள்.

சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணாச்சி, மயினிக்கு அம்மை போட்டிருக்காமே. கவனமாப் பாத்துக்கிடுங்க. நான் என்ன சொல்லுதேன்னா, பச்சப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அம்மை வாத்த வீட்டுக்கு எப்படி வர முடியும்? நாப்பது நாளும் வடிவு இங்கயே இருக்கட்டும். அதுக்கப்புறம் பாத்துக்கிடுவோம்."

நாற்பது நாள் கழிந்தால் அவளுக்கு வேலைக்குத் திரும்பும் யோசனை வந்துவிடும். அப்புறம் எங்கே வருவது? கட்டில் மட்டும் இங்கே காத்துக்கொண்டிருக்கும். அவர் சொல்வதில் தப்பும் இல்லை. சரிங்க சம்பந்தியம்மா, அப்படியே செய்வோம், நமக்குப் பிள்ளை நலம்தானே முக்கியம் என்று நிதானமாகப் பேசிவிட்டுப் போனை வைத்தேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாளிக்காத குழம்பை எத்தனை நாள்தான் தின்பது?

மார்ச் 13, வியாழன்

காய்ச்சல் இல்லை. ஆனால் தடிப்பு கூடிக்கொண்டே போகிறது. பகல் முழுக்கத் தணிவது போல இருந்து, விடிந்தால் புதிதாக முளைத்திருக்கிறது. அதுவும் கோலப்புள்ளி வைத்த மாதிரி வரிசையாக. அம்மன் இவ்வளவு ஒழுங்காக வரிசை பிடித்து வருவாளா என்று கேட்டேன். சாமியைக் கேலி பண்ணாதிய என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தலையணை உறையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. குங்குமம்.

மார்ச் 15, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

காலையில் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆவுடை கட்டிலில் படுத்தபடி கண்ணாடி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கூப்பிட்டாள்.

"என்னங்க, கசகசா நடக்குமா?"

வெயில் மூளைக்கு ஏறிவிட்டது என்று பயந்துபோய் ஓடினேன். அவள் வேப்பிலையைச் சுட்டிக் காட்டினாள். எனக்கு வேப்பிலை தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"நல்லாப் பாருங்க. கசகசா மணி கணக்கா, வெள்ளையா, நடுவுல சிவப்புப் பொட்டோட. நடக்கு பாருங்க. அந்தா, காம்புப் பக்கம் போகு."

தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அவளே இன்னொரு இலையால் அதை நசுக்கினாள். இலையில் ஒரு சிவப்புப் புள்ளி. அது எனக்கும் தெரிந்தது.

"இது எங்கயோ குடிச்ச ரத்தம்லா" என்றாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மெத்தையின் ஓரத்தைத் தூக்கினோம். தையல் நெடுக மைத்துளி தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். வெங்காயச் சருகு போல உரித்துப் போட்ட குட்டிச் சட்டைகள். கட்டில் கால் சேரும் பொருத்தில், புளியங்கொட்டை நிறத்தில், அப்பன் ஆத்தாள் சித்தப்பன் பெரியப்பன் எல்லாம் கூட்டுக் குடும்பமாகக் குடியிருந்தார்கள். மூட்டைப்பூச்சி!

அம்மனுக்காக ஒரு வாரம் விரிப்பை மாற்றாமல், துணி வெளுக்காமல், ஆளையும் அசையவிடாமல் படுக்க வைத்து, வேளாவேளைக்கு நாங்கள் விருந்து வைத்திருக்கிறோம்.

ஆவுடை சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. "ஆத்தா, என்னைய மன்னிச்சுக்கோ, உன்னையப் போயி மூட்டைப்பூச்சின்னு நெனச்சிட்டேனே" என்று அழுகையும் சிரிப்புமாகக் கும்பிட்டாள். மூட்டைப்பூச்சியைத்தான் அம்மனென்று நினைத்தாள். சிரிப்பில் அதுவும் தலைகீழாக வந்துவிட்டது.

இது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். போன மாசக் கடைசியில் கோவில்பட்டிக்கு ரயிலில் போய் வந்தோமே, அந்த ஸீட்டாக இருக்கும். ரயில்வேக்காரர்களுக்குப் பொறுப்பே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

முதல் வேலை, சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, அம்மை இல்லை, பிள்ளையை அனுப்புங்கள் என்று சொல்வது. போனைக் கையில் எடுத்தேன். ஆவுடை பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மை இல்லைன்னா பின்ன என்னன்னு கேப்பாவ. என்ன சொல்லப் போறிய?"

யோசிக்கவில்லை.

"அம்மைன்னா நாலு பேரு பயப்படுவாவ. மூட்டைன்னா நாப்பது பேரு சிரிப்பாவ. அழுக்குப் பிடிச்ச வீடுன்னு பேரு வந்துட்டா, நாப்பது நாளு என்ன, நானூறு நாளு ஆனாலும் என் பிள்ளைய இங்க அனுப்ப மாட்டாவ. முதல்ல ஒண்ணு விடாமக் கொல்லுவோம். அதுவரைக்கும் அம்மைதான்."

வேப்பங்குலை வாசலிலேயே இருக்கிறது. பொய்க்கு அம்மனையே காவல் வைத்துவிட்டோம். வீடு சுத்தமானதும் மாவிளக்கு ஏற்றுவதாக ஆவுடை வேண்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாவிளக்கு, ஒன்று பூச்சிக்கு, ஒன்று பொய்க்கு.

மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிடலாம் என்றேன். அவர்கள் வண்டியில் பூச்சிப் படம் ஆள் உயரத்துக்குப் போட்டிருக்கும், தெருவே திரளும். அது போகட்டும், பச்சைப்பிள்ளை மூச்சு விடப்போகிற அறையில் எந்த மருந்தும் வேண்டாம் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். மண்ணெண்ணெயும் கூடாது. சுடுதண்ணீர், வெயில், கை. இவ்வளவுதான் ஆயுதம்.

மெத்தையை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, குப்பை வண்டியில் ஏற்றினோம். யாராவது இரக்கப்பட்டு எடுத்துப் போய்ப் படுத்துவிடக் கூடாதே என்று முதலில் கத்தரிக்கோலால் அதைக் குறுக்கே கிழித்தாள். கட்டிலைப் பிரித்து வளவு முற்றத்தில் போட்டேன். அதையும் கொளுத்திவிடுவாள் என்று நினைத்தேன். "கட்டில் நல்ல கட்டில்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ராசாத்தி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, அம்மை போட்ட வீட்டில் கட்டிலை ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஆத்தா கனவுல வந்து, கட்டில் ஆகாது, தரையில படுன்னு சொல்லிட்டா" என்றாள் ஆவுடை. இவ்வளவு சரளமாகப் பொய் சொல்வாள் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

மார்ச் 18, செவ்வாய்

கட்டில் பொருத்துகளில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். என் கையிலும் ஊற்றிக்கொண்டேன். ஆவுடை திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் போட்டாள். கை ஆறிவிட்டது, திட்டு இன்னும் நடக்கிறது.

மார்ச் 20, வியாழன்

கடையிலிருந்து கண்ணாடி முடுக்கும் குட்டி ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்திருந்தேன். மூட்டைகள் ஒளிகிற இடுக்குக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது. கட்டிலின் ஒவ்வொரு துளையையும் குடைந்து, சுவர் வெடிப்புகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்து, கட்டிலைத் திரும்பப் பூட்டி, ஒன்றும் இல்லை, சுத்தம் என்று அறிவித்தேன்.

ஆவுடை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தாள். நிமிராமலே, "இது என்ன? இது? இந்தா, இது?" என்று நகத்தால் குத்திக்கொண்டே போனாள்.

பெரிசு எல்லாம் ஒழிந்தது உண்மை. அதற்கு நான் பொறுப்பு. குஞ்சுகள் விஷயம் வேறு. பொரித்த புதிதில் அதற்கு நிறமே கிடையாது. வைக்கோல் நிறம் கூட அப்புறம்தான் வருகிறது. ரத்தம் குடித்த பிறகுதான் வயிற்றில் ஒரு சிவப்புப் பொட்டுத் தெரியும். பட்டினி கிடக்கிற குஞ்சு, மரத்தில் மரமாக, துணியில் துணியாக இருக்கும். முட்டைகள் உப்புக்கல் மாதிரி பொருத்துக்குள் ஒட்டியிருக்கும். இன்றைக்குக் கொன்றால் அடுத்த வாரம் புதிசு பொரிக்கும். இதெல்லாம் ஆவுடை சொன்னது. நான் அவள் கண்ணாடியை வாங்கி ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதைச் சரிபார்க்கத்தான்.

கட்டில் முழுக்கக் கசகசா.

உடனே கழற்றிக் கொடுத்துவிட்டேன். "உனக்குப் பவர் ரொம்ப ஏறியிருக்கு" என்றேன். "ஆமா, எனக்குத்தான்" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் மாப்பிள்ளை மகாராஜன் போன் செய்தார். பெண் குழந்தை. ஆபரேஷன். இரண்டு பேரும் நலம்.

போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

நேற்று மேலே எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

அம்மை வீட்டுக்காரர்கள் பிள்ளை பார்க்கப் போகக் கூடாது. நாங்களே கட்டிய பொய், எங்கள் காலையே கட்டிவிட்டது. ராசாத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து, கொழுக்மொழுக்கென்று இருக்கிறாள் என்கிறாள். எனக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள், எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று வேட்டிகூட மாற்றிவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். செருப்பு மாட்டும்போது ஆவுடை என் வேட்டி மடிப்பை விரித்து விரித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இந்த மடிப்புக்குள் உட்கார்ந்து கோவில்பட்டி வரைக்கும் வந்து அந்தத் தொட்டிலில் இறங்கினால்? செருப்பைக் கழற்றிவிட்டேன்.

வடிவு போனில் கூப்பிட்டாள். "எப்பா, நீங்க எப்போ வருவிய?" என்றாள். குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. அம்மாவுக்குத் தண்ணீர் விட்டதும் வருவேன் என்றேன். மாப்பிள்ளை போட்டோ அனுப்பியிருந்தார். செல்போனை எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் துணிமூட்டை மாதிரிதான் தெரிந்தது. ஆவுடை குளிக்கப் போன நேரத்தில் அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வாயைக் குவித்துக்கொண்டு யாரையோ திட்டப் போகிற மாதிரி இருக்கிறாள். ஆவுடை ஜாடை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

கடைக்கு லீவு போட்டிருக்கிறேன். தினமும் துணி எல்லாம் கொதிநீரில் போட்டு மொட்டைமாடியில் காயப்போடுகிறோம். பாளையங்கோட்டை வெயிலுக்கு இப்போதுதான் ஒரு உபயோகம் கண்டேன். கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறேன். சுவரோடு ஒட்டாமல் நடு அறையில் நிற்கிறது. ஏறுவதற்கும் வழி கிடையாது, இறங்குவதற்கும் கிடையாது.

ஆனால் குஞ்சுகள் மீதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆள் வாடை இல்லாவிட்டால் அது வெளியே வராது. யாராவது படுத்தால்தான் வரும். அவள் பட்டது போதும். மத்தியானம் அவள் அடுப்படியில் இருக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் விலாவில் சுருக்கென்றது. எழுந்து நசுக்கினேன். இன்னொன்று. அதையும்.

இதை ஆவுடையிடம் சொல்ல வேண்டியதில்லை. பந்திக்கு இலையாக நான் கிடந்தேன் என்று தெரிந்தால் இன்னொரு தேங்காய் எண்ணெய்த் திட்டு நடக்கும்.

மார்ச் 30, ஞாயிறு

மத்தியானம் வழக்கம்போல அறைக்குள் நுழைந்தேன். ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது. வெள்ளை விரிப்பில் ஆவுடை படுத்திருந்தாள்.

"நீ என்ன பண்ணுதே?"

"நீங்க மூணு நாளா என்ன பண்ணுதியளோ, அதான். நீங்க காலையில தண்ணி பிடிக்கப் போகும்போது நான் படுத்து எந்திரிக்கேன். எந்தக் கண்ணாடி வச்சு நீங்க பிடிச்சிருவியன்னு தைரியமா விடுதது?"

என் விலாவில் இருந்த தடிப்புகளைப் பார்த்திருக்கிறாள். அவள் கையில் இருந்த புதுசுகளை நான் பார்க்கவில்லை. அடுப்பு சுட்டது என்று சொல்லியிருந்தாள், நானும் நம்பிவிட்டேன்.

கோபம் வந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் பக்கத்தில் படுத்துவிட்டேன். தனிக்கட்டில், இரண்டு பேருக்கு இடம் போதாது. அசையாமல் கிடந்தோம். அவள் மெதுவாக, பிள்ளைக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று கேட்டாள். சத்தம் போட்டால் மூட்டை வராது என்றேன். மூட்டைக்குக் காது உண்டா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

ஒன்றும் கடிக்கவில்லை. பின்கழுத்தில் எதுவும் ஏறியிருக்கிறதா பார் என்று திரும்பிப் படுத்து, கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். இந்தத் தடவை பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கொண்டையைத் தூக்கினேன். முடி முடிகிற இடத்தில், இடது பக்கம், பழுப்பாக ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. நகத்தை வைத்து ஒரே கிள்ளு.

"ஐயோ! அது மச்சம்லா!"

"மச்சமா? எப்போ வந்துச்சு?"

"பொறந்ததுல இருந்து இருக்கு. தாலி கட்டும்போது எங்க பாத்திய?"

"முடிச்சப் பாத்தேன். கை நடுங்கிச்சுல்லா."

அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள், சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கண் ஈரமாக இருந்தது. "எம்புட்டு வருசமாச்சு" என்றாள். நான் கிள்ளிய இடத்தைத் தடவிக் கொடுத்தேன். அப்படியே இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். சாயங்காலம் ராசாத்தி கதவைத் தட்டித்தான் எழுந்தோம்.

ஏப்ரல் 3, வியாழன்

கடையில் முதலாளியிடம் என் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னேன். பவர் இருக்கிறதாம். ரொம்பவே இருக்கிறதாம். "இத்தனை நாள் எப்படி அண்ணாச்சி வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். பழக்கம் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாலு நாளாகப் பரிசோதனை. வெள்ளை விரிப்பு, இரண்டு கண்ணாடி, இரண்டு ஆள். கடி இல்லை, புள்ளி இல்லை, சட்டை உரித்தது இல்லை. முட்டை பொரிக்கிற கெடுவும் தாண்டிவிட்டது. புது மெத்தை வந்தாயிற்று. புதுசுதான், கடையில் கண் முன்னால் சீல் உடைத்தது.

அம்மன் கணக்கையும் முடிக்க வேண்டுமே. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஆவுடை தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மாவிளக்கு இரண்டும் ஏற்றியாயிற்று. வாசல் குலையை அவிழ்த்தேன்.

பிறகு கோவில்பட்டிக்குப் போன். நாற்பது நாள் பேச்சு நிற்கும், கெஞ்சித்தான் ஆக வேண்டும் என்று நினைத்து, கெஞ்சுவதற்கு வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தேன். சம்பந்தியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "ஒண்ணும் மிச்சம் இல்லல்லா அண்ணாச்சி?"

"இல்லைங்க. தழும்புகூட இல்லை."

"அப்போ வியாழக்கிழமை நாள் நல்லாருக்கு. நானே கூட்டிட்டு வாரேன்."

சேர்த்து வைத்த வார்த்தைகள் வீணாகிவிட்டன. ஆவுடை மறுபடியும் தரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

வந்துவிட்டாள்.

காரிலிருந்து வடிவு மெள்ள இறங்கினாள். இளைத்திருக்கிறாள். ஆவுடை ஆலம் சுற்றினாள். சம்பந்தியம்மா பிள்ளையை என் கையில் வைத்தார். எடை இருக்கிறது என்று சொன்னேன். திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. எழுதுவதில் என்ன வெட்கம்.

சம்பந்தியம்மா அறைக்குள் போனார். கட்டில் நடு அறையில் நிற்பதைப் பார்த்தார். கால்களுக்குக் கீழே கிண்ணங்களைப் பார்த்தார். எடுத்து வைக்க மறந்துவிட்டேன்!

"எறும்புக்கா அண்ணாச்சி?"

"ஆமா. இந்தப் பக்கம் எறும்பு ஜாஸ்தி."

அவர் தலையை ஆட்டினார். மெத்தை ஓரத்தைத் தூக்கி, தையல் நெடுக நகத்தை ஓட்டி, நகத்தை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு குனிந்து கட்டில் பொருத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார். ஆவுடை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொத்தமல்லி வாடை இல்ல" என்றார்.

அவர் கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"அம்மை போட்ட வீட்ல தினம் துணிய வேவிச்சு மாடி நிறையக் காயப்போடுதாவன்னு ராசாத்தி சொன்னா. கட்டிலப் பிரிச்சுச் சுடுதண்ணி ஊத்துதாவன்னும் சொன்னா. அவளுக்குத்தான் புரியல. மகாராஜன் கைப்பிள்ளையா இருக்கும்போது எங்க வீட்டுக்கும் வந்துச்சு மயினி. நாங்களும் அம்மைன்னுதான் சொன்னோம்."

முதலில் சிரித்தது வடிவுதான். தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆவுடை சம்பந்தியம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சுமா பிள்ளைய அனுப்புனிய மயினி?"

"இப்படிப் பாடுபட்டுச் சுத்தம் பண்ணுத வீட்டுக்கு அனுப்பாம வேற எங்க அனுப்புதது? ஆமா, எங்க இருந்து வந்துச்சு இது?"

நான் வாயைத் திறந்தேன். கட்டிலின் வேங்கை மரத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

"ரயில்ல வந்திருக்கும்" என்றாள் ஆவுடை, என்னைப் பார்க்காமல். "இவுகளும் அப்பவே சொன்னாவ."

ரயில் என்றால் ரயில்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் வடிவு குளிக்கப் போயிருந்தாள். பிள்ளையை என் மடியில் குப்புறப் படுக்க வைத்துவிட்டு ஆவுடை பால் காய்ச்சப் போனாள். என் புதுக் கண்ணாடி மூக்கில் இருந்தது. எவ்வளவு சின்ன விரல்கள், அதில் எவ்வளவு சின்ன நகங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிடரி முடியை ஒதுக்கினேன்.

இடது பக்கம், முடி முடிகிற இடத்தில், பழுப்பாக ஒரு புள்ளி.

ஒன்றை விட்டுவிட்டோம். இத்தனை செய்தும் ஒன்றை விட்டுவிட்டோம், அது பிள்ளை மேல் ஏறிவிட்டது. நகம் தானாகவே நீண்டது. நல்லவேளை, கண்ணாடி இருந்தது. குனிந்து பார்த்தேன். அது நடக்கவில்லை. இன்னும் குனிந்து பார்த்தேன்.

"ஆவுடை" என்று கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். கரண்டியோடு ஓடி வந்தாள். விரலால் காட்டினேன். அவள் பார்த்தாள். கரண்டி பிடித்த கை தன்னால் தன் பின்கழுத்துக்குப் போனது.

"நேத்தே நான் பாத்துட்டேன்" என்றாள். "நீங்க இதையும் முப்பது வருசம் கழிச்சுத்தான் பாப்பியளோன்னு இருந்தேன்."